மணி அடிக்காத சிறுநீர்ப் பை: இனிப்பு நீர் நரம்பைக் கெடுக்கும் விதம்

மலேசியத் தமிழர்கள் இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயர் இனிப்பு நீர். மலாய்க்காரர்கள் 'கெஞ்சிங் மானிஸ்' என்கிறார்கள், பொருள் அதுவேதான். பெயரிலேயே சிறுநீர் இருக்கிறது. ஆனால் நோயாளியிடம் பேச்சுக் கொடுத்தால் காலில் வந்த புண்ணைப் பற்றிச் சொல்வார், கண் மங்குவதைச் சொல்வார், 'கிட்னி' போய்விடுமோ என்று பயப்படுவார். சிறுநீர்ப் பையைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார். கேட்கவும் கூச்சம், சொல்லவும் கூச்சம்.

இந்தக் கூச்சத்திற்குக் கொடுக்கும் விலை பெரிது. இனிப்பு நீர் சிறுநீர்ப் பையின் நரம்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கிறது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. பல ஆண்டுகள் கழித்து, சிறுநீரகமே பாதிக்கப்பட்ட பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிய வருகிறது.

நெகிரி செம்பிலான் மக்கள் இதை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடத்தில் நின்றது நெகிரி செம்பிலான்: 33.2 விழுக்காடு. அதாவது பெரியவர்களில் மூவரில் ஒருவர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இருந்தது. ஆனால் நோய் உள்ளவர்களில் ஐவரில் இருவருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாது என்பதும் அதே ஆய்வில் வெளிப்பட்டது.

ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் வட்டாரங்களில் ரப்பரையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். அவர்களில் பலர் இன்று தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். தோட்டத்து வேலை போய்விட்டது; தோட்டத்துப் பழக்கங்களும் நோயும் கூடவே வந்துவிட்டன.

பையும் அதன் மணியும்

சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்தை வடிகட்டி, ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை சிறுநீரை உண்டாக்குகின்றன. அது சொட்டுச் சொட்டாக இறங்கி, அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப் பையில் சேர்கிறது. பெரியவர்களின் பையில் ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும்.

பை ஏறத்தாழ 150 முதல் 200 மில்லி லிட்டர் நிறைந்ததும் அதன் சுவர் சற்று இழுபடுகிறது. அந்த இழுப்பை உணர்ந்த நரம்புகள் முதுகுத் தண்டின் வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. 'ஒன்றுக்குப் போக வேண்டும்' என்ற உணர்வு அப்போதுதான் தோன்றுகிறது. விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடும் மணி போன்றது இந்த உணர்வு.

மணி அடித்தவுடன் யாரும் ஓடுவதில்லை. இடம், நேரம் பார்த்து மூளை அனுமதி கொடுக்கும் வரை பையின் வாய் இறுகியே இருக்கும். அனுமதி கிடைத்ததும் முதுகுத் தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் பையின் தசையைச் சுருங்கச் செய்கின்றன. அதே நேரத்தில் வாய்ப் பகுதித் தசை தளர்கிறது. பை முழுவதும் காலியாகிறது.

ஆக மூன்று வகை நரம்பு வேலைகள் இங்கே நடக்கின்றன. பை நிறைந்ததைச் சொல்லும் நரம்பு ஒன்று. சுருங்கு என்று ஆணையிடும் நரம்பு மற்றொன்று. வாயை இறுக்கவும் தளர்த்தவும் செய்யும் நரம்பு மூன்றாவது. இவற்றில் எது பழுதானாலும் ஒழுங்கு கெடும். இனிப்பு நீர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது சேதி சொல்லும் நரம்பில். மணி அடிக்காமல் போகிறது.

சர்க்கரை நரம்பை என்ன செய்கிறது?

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக ஓடினால் நரம்புக்குள்ளும் அது அளவுக்கு மீறி நுழைகிறது. அங்கே அதில் ஒரு பகுதி சோர்பிட்டால் என்ற வேறொரு சர்க்கரைப் பொருளாக மாறித் தேங்குகிறது. நரம்பணுவின் வேதியியல் சமநிலை குலைகிறது. இன்னொரு பக்கம், உடலின் புரதங்களோடு சர்க்கரை ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாக்குகிறது.

அதைவிட முக்கியமானது இரத்த ஓட்டம். நரம்பும் உயிருள்ள பொருள்தான். அதற்கும் சோறு தண்ணீர் வேண்டும். அதைக் கொண்டு வருபவை தலைமுடியை விடவும் மெல்லிய இரத்தக் குழாய்கள். சர்க்கரை இந்தக் குழாய்களின் சுவரைத் தடிக்கச் செய்து அடைக்கிறது. பட்டினி கிடக்கும் நரம்பு மெல்ல மெல்லத் தேய்கிறது. இனிப்பு நீர்க்காரர்களுக்குக் காலில் மரத்துப் போவதற்கும், கண் திரை பாதிக்கப்படுவதற்கும் காரணமாக இருக்கும் அதே சீர்கேடு சிறுநீர்ப் பையின் நரம்பிலும் நடக்கிறது.

நரம்பு கெடுவதற்கு முன்பே பைக்கு வேறொரு தொல்லை தொடங்கியிருக்கும். இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கும். இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வரும். அதனால்தான் தொடக்கத்தில் அடிக்கடி சிறுநீர் போகிறது, தாகம் எடுக்கிறது. நாள்தோறும் மூன்று லிட்டருக்கும் மேல் சிறுநீரைத் தாங்கும் பையின் தசை முதலில் தடிக்கிறது, பிறகு களைக்கிறது. அதிகமாக ஊதிய பலூன் தொளதொளத்துப் போவதைப் போல.

டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் பிரிமோட் மோலர் 1970களில் நீரிழிவு நோயாளிகளிடம் இந்தக் கோளாறை விரிவாக ஆராய்ந்து, அதற்கு நீரிழிவுச் சிறுநீர்ப் பை நோய் என்று பெயரிட்டார். உணர்வு குறைதல், பை பெரிதாதல், தசை வலுவிழத்தல், சிறுநீர் தேங்குதல் ஆகிய நான்கும் அதன் அடையாளங்கள். பத்து ஆண்டுகள் நீரிழிவோடு வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரிடம் இது காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆண்டுகள் கூடக் கூட விகிதமும் கூடும்.

நல்ல செய்தி என்று ஏமாறும் கட்டம்

இந்த நோயின் வஞ்சகம் இதன் நடுக் கட்டத்தில்தான் இருக்கிறது.

ஐம்பத்தைந்து வயதுத் தொழிலாளி ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். நோய் கண்ட புதிதில் இரவில் நான்கைந்து முறை எழுந்தார். மாத்திரை சாப்பிட்டார். சில ஆண்டுகளில் எழுவது ஒரு முறையாகக் குறைந்தது. பகலிலும் காலையில் போனால் பிறகு மாலைதான். 'இனிப்பு நீர் குறைந்துவிட்டது' என்று அவரும் வீட்டாரும் மகிழ்ந்தார்கள்.

உண்மையில் சர்க்கரை குறையவில்லை. மணிதான் நின்றுவிட்டது. 300 மில்லி லிட்டரில் அடிக்க வேண்டிய மணி 700, 800 ஆனாலும் அடிக்கவில்லை. பை விரிந்துகொண்டே போகிறது. நோயாளிக்குத் துன்பமில்லை; அதனால் கிளினிக்கில் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. 'ஒன்றுக்கு எல்லாம் ஒழுங்காகப் போகிறதா ஐயா?' என்று தாதி கேட்டால் 'நல்லாப் போகுதும்மா' என்று பதில் வரும்.

அடுத்த கட்டத்தில் தசை தளர்கிறது. சிறுநீர் தொடங்கத் தாமதமாகிறது. முக்க வேண்டியிருக்கிறது. தாரை மெலிகிறது, விட்டு விட்டு வருகிறது. முடிந்தது என்று எழுந்த பிறகும் பாதி உள்ளே நிற்கிறது.

கடைசிக் கட்டத்தில் பை எப்போதும் நிறைந்தே இருக்கும். மழை நாளில் பால் எடுக்காமல் விட்ட கோப்பை வழிவதைப் போல, சிறுநீர் தானாகக் கசியத் தொடங்கும். இருமினால், குனிந்தால், தூங்கும்போது துணி நனையும். 'அடக்க முடியவில்லை' என்று நோயாளி சொல்வார். உண்மையில் அவரால் முடியாமல் போனது வெளியேற்றுவது.

எல்லாருக்கும் இதே வரிசையில் வருவதில்லை. சிலருக்கு எதிர்மாறாக, பை பதற்றமடைந்து அவசரமாகவும் அடிக்கடியும் சிறுநீர் வரும். எப்படியானாலும் பழைய வழக்கத்திலிருந்து மாற்றம் ஏற்பட்டால் அதுவே ஓர் அறிகுறி.

தோட்டத்துப் பழக்கமும் இந்த நோயும்

தீம்பாரில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார்கள். பால் வெட்டும் பெண்களும் வெளிக்காட்டு வேலை செய்யும் பெண்களும் என்ன செய்வார்கள்? விடியுமுன் வீட்டிலிருந்து கிளம்பினால் நிரை முடிந்து, பால் நிறுத்து, வீடு திரும்பும் வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்வார்கள். இருபது முப்பது ஆண்டுகள் இப்படிப் பழகிய உடம்பு இது.

நல்ல நரம்பு உள்ளவர்கள் எப்போதாவது அடக்குவதால் பெரிய கேடு வருவதில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அப்படியல்ல. ஏற்கெனவே தளர்ந்துவரும் பையை மேலும் விரிய விடுவதற்கு அது சமம். பழைய வேலைப் பழக்கமாக இருந்தது, நோய் வந்த பிறகு நோயைத் தள்ளிவிடும் பழக்கமாகிறது. தண்ணீரைக் குறைப்பதும் உதவாது; சிறுநீர் கெட்டியாகிக் கிருமிக்கு இடம் கொடுக்கும்.

இன்னொன்று, காரணத்தை வேறிடத்தில் தேடுவது. ஆண்களாக இருந்தால் 'வயசாச்சு' என்பார்கள். பெண்களாக இருந்தால் 'நாலு பிள்ளை பெத்த உடம்பு' என்பார்கள். ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பி வீக்கமும், பெண்களின் கருப்பை இறக்கமும் இதே போன்ற தொல்லைகளைத் தருவது உண்மைதான். அதனால்தான் வீட்டில் முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்கிறார்கள்.

தேங்கிய நீரின் ஆபத்து

கோப்பையில் தேங்கிய பால் கெட்டு நாறும். சிறுநீரும் அப்படித்தான். பையில் மிச்சம் நிற்கும் சிறுநீரில் கிருமிகள் பெருகுகின்றன. அதில் சர்க்கரையும் கலந்திருந்தால் அவற்றுக்கு விருந்து.

நரம்பு நல்ல நிலையில் இருந்தால் நீர்க்கடுப்பு, எரிச்சல் என்று உடல் எச்சரிக்கும். உணர்வு செத்த பையில் எரிச்சல்கூடத் தெரியாமல் போகலாம். காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது, சிறுநீர் கலங்கி நாறுவது, அசதி, காய்ச்சல் ஆகியவைதான் தெரியும். கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கினால் குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் வரும். நீரிழிவு நோயாளிகளுக்கு இது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது.

கிருமி இல்லாவிட்டாலும், நிரம்பிய பையின் அழுத்தம் பின்னோக்கிச் சென்று சிறுநீரகத்தை வீங்கச் செய்யலாம். மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவினால் சிறுநீரகம் இழந்தவர்கள். சர்க்கரையால் ஏற்கெனவே அடிபட்டுவரும் சிறுநீரகத்துக்குச் சிறுநீர்ப் பையின் சுமையும் சேர்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனை எளிது

இதைக் கண்டறிய ஊசி குத்த வேண்டாம், கத்தி வைக்க வேண்டாம். முதலில் நோயாளி சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். உடனே அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். 50 மில்லி லிட்டருக்குக் குறைவாக இருந்தால் கவலையில்லை. 200க்கு மேல் இருந்தால் பை சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்பதையும், இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையையும் கூடவே சோதிப்பார்கள்.

தேவைப்பட்டால் தாரையின் வேகத்தையும் பையின் அழுத்தத்தையும் அளக்கும் சோதனைகள் உண்டு. புரோஸ்டேட் அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நீரிழிவு நோயாளிக்கு இவை மிக முக்கியம். அடைப்பை நீக்கினாலும் பைக்குச் சுருங்கும் வலு இல்லையென்றால் அறுவைச் சிகிச்சையின் பலன் குறைந்துவிடும்.

அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்கள் ஒரு ரிங்கிட்டில் மருத்துவரைப் பார்க்கலாம். அங்கிருந்து கடிதம் பெற்றுச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ, கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்கோ மேல் சிகிச்சைக்குச் செல்லலாம். வசதியில்லை என்பது இதற்குத் தடையாக இருக்கக் கூடாது.

கிளினிக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு கணக்கு எடுக்கலாம். இரண்டு மூன்று நாள்களுக்கு, எத்தனை மணிக்குப் போனார், ஒவ்வொரு முறையும் எவ்வளவு போனது என்பதை அளவுக் குவளையில் பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று முறை மட்டும், ஒவ்வொரு தடவையும் அரை லிட்டருக்கு மேல் என்று இருந்தால் அந்தத் தாளே மருத்துவருக்குப் பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

சிகிச்சை என்ன?

செத்த நரம்பை உயிர்ப்பிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் பையைக் காப்பாற்ற வழிகள் நிறைய உண்டு.

முதல் வழி கடிகாரம். உள்ளே மணி அடிக்கவில்லை என்றால் வெளியே உள்ள மணியை நம்ப வேண்டியதுதான். உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறைக்குப் போக வேண்டும். கைத்தொலைபேசியில் அலாரம் வைத்துக்கொள்வது சுலபம். ஒரு முறை போன பிறகு ஓரிரு நிமிடம் பொறுத்து மறுபடியும் முயன்றால் மிச்சம் வெளியேறும். அடிவயிற்றைக் கையால் அழுத்துவதை மருத்துவர் சொல்லாமல் செய்யக் கூடாது.

இரண்டாவது, பையின் வாயைத் தளர்த்தும் மாத்திரைகள். சிலருக்கு இவை நல்ல பலன் தரும்.

மூன்றாவது, மெல்லிய குழாயை நோயாளியே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிவிட்டுக் குழாயை எடுத்துவிடும் முறை. அமெரிக்க மருத்துவர் ஜேக் லேப்பிடஸ் 1972இல் இதை அறிமுகப்படுத்தினார். குழாய் என்றதும் பலர் மிரள்கிறார்கள். எந்நேரமும் பையோடு தொங்கும் குழாய் அல்ல இது. கையைச் சுத்தமாகக் கழுவி, ஒரு நாளைக்குச் சில முறை செய்துகொள்வது; தாதியர் கற்றுக்கொடுப்பார்கள். இதைப் பழகியவர்கள் வேலைக்குப் போகிறார்கள், கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுடைய சிறுநீரகமும் காப்பாற்றப்படுகிறது.

மருந்துக் கடையில் கவனம்

சளி, இருமல், அரிப்பு என்று கடையில் கேட்டு வாங்கும் சில மருந்துகள், குறிப்பாகத் தூக்கம் வரவழைக்கும் பழைய வகை மருந்துகள், தளர்ந்த பையை முற்றிலும் நிறுத்திவிடக் கூடும். கால் எரிச்சலுக்குக் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் மாத்திரைக்கும் இந்தக் குணம் உண்டு. தானாக நிறுத்தக் கூடாது. சிறுநீர்த் தொல்லை இருப்பதை மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்றித் தருவார். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதிய வகை நீரிழிவு மாத்திரைகளைச் சாப்பிடுவோரும் சிறுநீர் தேங்குவதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொண்டாலோ, குளிர்காய்ச்சலோடு விலா வலி வந்தாலோ, நாட்டு மருந்து, இளநீர் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வருமுன் காக்க

நரம்பைக் காக்கும் ஒரே உறுதியான வழி சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. 1993இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்று முதல் வகை நீரிழிவு உள்ளவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் நரம்புப் பாதிப்பு 60 விழுக்காடு குறைந்தது. தோட்டங்களில் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகையில் பலன் இவ்வளவு பெரிதாகக் காணப்படவில்லை. அங்கே சர்க்கரையோடு இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவற்றையும் சேர்த்தே அடக்க வேண்டும். தொடக்கத்திலேயே அடக்குவதுதான் பலன் தரும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு பலருக்கும் 7 விழுக்காட்டை ஒட்டியோ அதற்குக் கீழோ இருப்பது நல்லது. வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து மருத்துவர் இலக்கைச் சொல்வார். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் ஒரு நாளைக்கு மூன்று முறை, காலையில் ரொட்டி சானாய், இரவில் சோறு என்று போனால் எந்த மாத்திரையும் ஈடுகொடுக்காது. தீம்பாரில் வேலை செய்த காலத்தில் அந்தச் சாப்பாட்டை உடம்பு எரித்தது. இன்று நடையும் குறைந்துவிட்டது.

பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. அப்பாவின் படுக்கை நனைந்திருந்தால் முகம் சுளிக்காமல், அம்மா கல்யாண வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்தால் கோபப்படாமல், காரணத்தைப் பக்குவமாகக் கேட்க வேண்டும். தந்தையிடம் மகனும் தாயிடம் மகளும் பேசினால் பாதிக் கூச்சம் விலகும்.

அடுத்த முறை கிளினிக்கில் காலையும் கண்ணையும் காட்டும்போது நான்கு விஷயங்களை மறக்காமல் சொல்லலாம்: ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது, முக்க வேண்டியிருக்கிறதா, மிச்சம் நிற்பதுபோல் இருக்கிறதா, துணி நனைகிறதா. சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைச் சொல்லாமல் விட்டுச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருக்கிறார்கள்.